தலை உள்ளே

விமானத்தைச் சுடும் பீரங்கி வண்டியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர், அந்தப் பீரங்கி சுடுவதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெற்ற மகளே நம்பமாட்டாள். அவள் நம்பிவிடக்கூடாது என்று அவரே பார்த்துக்கொண்டார். அந்தக் கதைக்கு அப்புறமாக வருகிறேன்.

முதலில் வண்டி. தூரத்திலிருந்து பார்த்தால் டாங்கி என்றுதான் தோன்றும். கீழே சங்கிலிப் பட்டையில் ஓடும் இரும்பு உடம்பு, மேலே சுழலும் ஒரு கூண்டு. ஆனால் டாங்கிக்கு நடுவில் ஒற்றைக் குழல். இதற்குக் கூண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழல், கை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. கூண்டின் உச்சியில் ஒரு ரேடார் ஓயாமல் சுற்றி வானத்தைத் துழாவும். எதையாவது கண்டுபிடித்துவிட்டால் முன்னால் இருக்கும் இன்னொரு ரேடார் அதைப் பிடித்துக்கொள்ளும். அது என்ன வேகத்தில் போகிறது, குண்டு போய்ச் சேரும்போது எங்கே இருக்கும் என்பதையெல்லாம் கணினி கணக்குப் போட்டு, கூண்டையும் குழல்களையும் தானே திருப்பிவிடும். சுடலாமா வேண்டாமா என்று முடிவுசெய்து பொத்தானை அழுத்துவது மட்டும்தான் மனிதர் வேலை. அதற்குக் கூண்டுக்குள் இரண்டு பேர், உத்தரவிடும் கமாண்டரும் சுடும் கன்னரும்.

கீழே, வண்டியின் மூக்குப் பக்கத்தில், ஒரே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரக்கூடிய ஒரு குழி. அதில்தான் நம்மவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ 'பாதாளம்' என்று பெயர் வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

பாதாளத்தின் வேலை, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சொன்ன இடத்தில் சமமாக நிறுத்துவது. நிறுத்தியபின் மூடியைச் சாத்திக்கொண்டு சும்மா இருப்பது. எதிரே மூன்று கண்ணாடிப் பட்டைகள் உண்டு. அவற்றில் புல் தெரியும், மண் தெரியும், நல்ல நாளாக இருந்தால் ஒரு நாய் தெரியும். வானம் தெரியாது. சுடும்போது அவர் பங்குக்கு வருவது காதைப் பிளக்கும் இடி, பல்லெல்லாம் கிடுகிடுக்கும் அதிர்வு, கடைசியில் காலியான தோட்டா உறைகள் வெளியே கொட்டும் சத்தம். மாடிவீட்டுக்காரர்கள் கட்டிலை நகர்த்தினால் கீழ்வீட்டுக்காரருக்கு என்ன தெரியுமோ, அதுதான் அவருக்கும் தெரியும்.

மற்ற வண்டிகள் சுடும்போது பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிஜக் குண்டு போட்டுச் சுடுவது வருடத்துக்கு ஒரு முறை. அன்று முறைவைத்து ஒவ்வொரு வண்டியாகச் சுடும். மற்றவை மேட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் உள்ளே, மூடி சாத்தி. அங்கே சட்டம் அப்படி. இருபத்திரண்டு வருடமும், தன் முறை வரும்வரை அவர் முன்வண்டியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூடியை ஏன் சாத்த வேண்டும்? குழல்கள் தாழ்ந்த நிலையில் கூண்டு சுற்றினால், அவை ஓட்டுநரின் மூடிக்குச் சாண் உயரத்தில் வீசிக்கொண்டு போகும். சுற்றுகிற வேகமும் லேசுப்பட்டதில்லை. அந்த நேரத்தில் தலை வெளியே இருந்தால், பிறகு தலை என்று சொல்ல ஒன்று இருக்காது. அதற்காக மூடியின் விளிம்பில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மூடியைச் சாத்தினால் அது அழுந்தும். அழுந்தினால்தான் கூண்டு சுற்றும். ஆனால் அந்தச் சுவிட்சுக்குள் புழுதி போய் அது தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம். எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. கூண்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் கமாண்டர் ஹெட்ஃபோனில் கேட்பார்: "தலை?" ஓட்டுநர் சொல்வார்: "உள்ளே." அந்தப் பதில் வராமல் கமாண்டரின் விரல் விசைக்குப் போகாது.

பாதாளம் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ. "தலை?" என்ற சத்தம் காதில் விழுந்ததும் கை தானாக மூடியை இழுக்கும், வாய் தானாகப் பதில் சொல்லும். குளியலறைக் கதவைத் தட்டி மனைவி "இருக்கீங்களா?" என்றால்கூட "உள்ளே" என்றுதான் பதில் வரும்.

ஒன்பது வருடமாக அவருடைய கமாண்டர் ஒரு பெண். அவருடைய கடைசித் தங்கையைவிட வயதில் சிறியவள். மற்றவர்கள் முன்னால் அவர் அவளை "மேடம்" என்பார், தனியாக இருந்தால் "அம்மா" என்பார். அவள் எங்கேயும் எப்போதும் "அண்ணே"தான். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி அவளிடம் கேட்டார்:

"மூடி சாத்தியிருக்குன்னு எப்படி உறுதி பண்ணிக்கிறீங்க?"

"டிரைவர் சொல்வார் சார்."

"அவர் தப்பா சொல்லிட்டா?"

"சொல்லமாட்டார் சார்."

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்த பாதாளத்துக்கு முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று விதமாகச் சொன்னார். பதக்கம் குத்திவிட்டிருந்தால்கூட அவ்வளவு பேசியிருக்கமாட்டார்.

வண்டிக்குள் இப்படி ஒரு பொய் பேசாத மனிதர், வீட்டில் அள்ளி விடுவார். மகள் சின்னவளாக இருந்தபோது, "சுட்டா எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்னம்மா தெரியும் என்று சொல்ல எந்த அப்பாவுக்கு மனசு வரும்? "வானம் பூரா சிவப்பா பூ பூத்த மாதிரி இருக்கும்" என்றார். அவள் அதைப் படமாக வரைந்து பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை. வருடத்துக்கு வருடம் கதைக்குக் கை கால் முளைத்தது. மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவை மேற்பார்வை பார்ப்பவள். எந்தக் கறை எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவாள். ஆனாலும் புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், நல்ல பையன், ஆனால் எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போது கைபேசியை நீட்டினான்.

"மாமா, இது உங்க வண்டிதானே?"

அதே ரக வண்டிதான், வேறு ஏதோ தேசத்தில், வேறு யாரோ எடுத்த வீடியோ. குழல்கள் படபடவென்று பொரிந்தன. வானத்தில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"சிவப்பு எங்க மாமா?" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

"வெளிச்சத்துல தெரியாதுல்லப்பா?" என்று மகள் முந்திக்கொண்டு அப்பாவுக்கு வழி எடுத்துக்கொடுத்தாள். மாப்பிள்ளையின் கிண்டலைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது.

"வீடியோவை விடுங்க. நீங்க நேர்ல பாத்தவர். நெஜமா எப்படி இருக்கும்?" என்று கேட்டான் மாப்பிள்ளை. அவன் கிண்டலை விட்டுவிட்டு உண்மையாகவே கேட்டான்.

பாதாளம் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "முதல்ல எல்லாரும் சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று மனைவி கரண்டியோடு நடுவில் வந்தாள்.

அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. இன்னும் ஒரே ஒரு சுடும் நாள் பாக்கி. மாப்பிள்ளையிடம் தம்பட்டம் அடிப்பதற்காக அவர் அதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆயுசில் பாதியை ஒரு குழிக்குள் உட்கார்ந்து கழித்தவருக்கு, தலைக்கு மேலே என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. அது பெரிய ஆசையா என்ன?

வழி அவருக்குத் தெரியும். பட்டறையில் மெக்கானிக்குகள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே கூண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தால், சுவிட்சை ஒரு ரப்பர்த் துண்டால் அழுத்தி அடைத்துவிடுவார்கள். ஆனால் அப்போது பக்கத்தில் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்கும். பாதாளம் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவிட்சை ஏமாற்ற ரப்பர் போதும். அவளை ஏமாற்ற அந்தச் சொல்லை வாயால் சொல்லியாக வேண்டும். அதுதான் அவரைப் போட்டு அரித்தது. அவளிடமே கேட்டுவிடலாமா என்று யோசித்தார். கேட்டால் "வேணாம்ணே" என்பாள். அதுவும் நியாயம்தான். கேட்டபிறகு மீறுவது இன்னும் கேவலம். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதானே, அவளுக்குத் தெரியவா போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஆளில்லாமல் பறக்கும் இரண்டு குட்டி விமானங்களைத்தான் அன்று சுட வேண்டும். முதலாவது உயரத்தில் வரும். அதற்குக் குழல்கள் நிமிர்ந்து நிற்கும், அவர் தலைக்கு ஆபத்தில்லை. இரண்டாவது தாழ்வாக வரும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடியைச் சாத்திவிடுவது என்று திட்டம். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

சுடும் நாள் வந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. வண்டியைச் சமமாக நிறுத்தினார். ரப்பரைச் சுவிட்சில் செருகினார். மூடியைத் திறந்தே வைத்தார். கன்னத்து வாரைத் தளர்த்தி ஹெல்மெட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார், அண்ணாந்து பார்க்க வேண்டுமே.

ஹெட்ஃபோனில் அவள் குரல். "தலை?"

"உள்ளே."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. எப்போதும் போலவே வந்தது. அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது. மேலே மோட்டார் முனக ஆரம்பித்தது. பாதாளம் இருக்கையிலிருந்து எழும்பிக் கழுத்தை வெளியே நீட்டினார்.

கூண்டு திரும்பியது, குழல்கள் எழும்பின. அவை எதைப் பார்க்கின்றனவோ அந்தத் திசையில் பார்த்தார். ஒரு கதவு அகலத்துக்குச் சிறகுள்ள வெள்ளைப் பொருள் ஒன்று நீலத்தில் வந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் இடி. கண் தானாக மூடிக்கொண்டது. வெட்கக்கேடு என்று வலுக்கட்டாயமாகத் திறந்தார். குழல் வாயில் தீ விட்டுவிட்டுத் துடித்தது. சூடான காற்று முகத்தில் அறைந்தது. வானத்தில் கறுப்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ பேனாவால் குத்துவது போல் வரிசையாக விழுந்தன. வெள்ளைப் பொருள் ஒன்றும் நடக்காதது போல் இன்னும் கொஞ்சம் பறந்தது. பிறகு ஒரு சிறகு தனியாகப் போனது. மிச்சம் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு கீழே இறங்கியது.

இவ்வளவுதானா என்று தோன்றியது. அழகாகத்தான் இருக்கிறது என்றும் தோன்றியது. சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளிகள் உடனே மறையாமல் காற்றில் மெல்ல மெல்லக் கலைந்துகொண்டிருந்தன. அந்த வீடியோவில் அதைக் காட்டவில்லை. பாதாளம் குழிக்குள்ளிருந்து தனியாகச் சிரித்தார். வாயைத் திறந்துகொண்டு, அவை முழுதாகக் கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை அப்போது சாத்தியிருக்க வேண்டும். ஏன் சாத்தவில்லை? அவர் உடம்பு "தலை?" என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தம் வந்தபிறகுதான் கை மூடிக்குப் போகும். ஆனால் மின்சாரம் கொடுக்கும் முன்தான் கமாண்டர் கேட்பார். முதல் விமானத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. அதனால் இரண்டாவது தடவை கேள்வியும் இல்லை. எப்போதும் மூடிக்கடியில் இருந்தவருக்கு அது நினைவில் இருக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

மேட்டின் ஓரத்திலிருந்து இரண்டாவது விமானம் தாழ்வாகக் கிளம்பியது. குழல்கள் தாழ, கூண்டு சடாரென்று சுழன்றது. பாதாளம் பார்த்தது ஒரு நிழலை மட்டும்தான். அறிவு ஒன்றும் செய்யவில்லை, முழங்கால்தான் மடங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். கழுத்து ஒரு பக்கம் சொடுக்கியது. அவர் இருக்கையில் விழுந்தபோது தலையில் ஹெல்மெட் இல்லை. ஹெட்ஃபோன் கம்பி அறுந்து மார்பில் தொங்கியது.

மேலே நடந்ததைக் கன்னர்தான் பிற்பாடு சொன்னான். அந்தச் சின்னத் தட்டலை அவன் உணரவேயில்லை. அவள் உணர்ந்தாள். பட்டென்று மின்சாரத்தை நிறுத்தினாள். "அண்ணே?" என்றாள். பதில் இல்லை. "அண்ணே, தலை?" என்றாள். பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்கும்போது குரல் குரலாக இல்லை என்றான் கன்னர். சுடும் நேரத்தில் செய்யக்கூடாத காரியம், மேல்கதவைத் திறந்து வெளியே ஏறினாள். மேலிருந்து பார்த்தால் மூடி திறந்து கிடக்கிறது. வண்டிக்கு முன்னால் மண்ணில் ஒரு ஹெல்மெட் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் என்ன இருக்கும் என்று அவள் நினைத்திருப்பாள்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூண்டிலிருந்து சறுக்கி இறங்கி, குழியின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பாதாளம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வானத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் முழுதாக அழியாமல் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம் என்று நிச்சயமாக நம்பிவிட்ட முகம் அது. அப்போதுதான், தன் ஆசைக்குத் தன் தலையை மட்டும் பணயம் வைக்கவில்லை, அவளையும் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று உறைத்தது.

"ஒண்ணும் ஆகலைம்மா" என்றார்.

அவள் பார்வை சுவிட்சில் இருந்த ரப்பர்த் துண்டுக்குப் போனது. கையை விட்டு அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூடியைச் சாத்துங்க" என்றாள்.

ஏன் சுடவில்லை என்று மேட்டிலிருந்த அதிகாரிகள் வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். "கூண்டு சுத்துறதுல கோளாறு சார், நிறுத்திட்டேன்" என்றாள் அவள். அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் உடனே நம்பினார்கள். மெக்கானிக்குகள் இல்லாத கோளாறை இரண்டு நாள் தேடிவிட்டு, கடைசியில் எதையாவது செய்ய வேண்டுமே என்று சுவிட்சைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

பாதாளம் திட்டு வாங்கத் தயாராக இருந்தார். நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவர் வாங்கிக்கொண்டு போன டீயைக் குடித்தாள். முன்போலவே "அண்ணே" என்றாள். வீட்டில் மாப்பிள்ளையிடம், "கறுப்புப் புள்ளிதான் மாப்பிள்ளை. சிவப்பெல்லாம் நான் விட்ட ரீலு" என்று ஒத்துக்கொண்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்காமல் அவருடைய கழுத்தையே பார்த்தாள்.

அடுத்த வாரம் வளாகத்துக்குள்ளேயே பயிற்சி, குண்டு இல்லாமல். வண்டிகள் சதுரமாக நின்றன. பாதாளம் மூடியைச் சாத்தி, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"தலை?"

"உள்ளே."

மோட்டார் முனகவில்லை. ஒருவேளை கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னும் சத்தமாக, "உள்ளே, மேடம்" என்றார். அப்போதும் இல்லை. மேலே கதவு திறக்கும் சத்தம் வந்தது. பிறகு இரும்பின்மேல் பூட்ஸ் சத்தம். கண்ணாடிப் பட்டையில் அவளுடைய முழங்கால் தெரிந்தது. ஒரு கை மூடியின் விளிம்பைச் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தது. சுவிட்ச் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நின்றது. அப்புறம் பூட்ஸ் மேலே ஏறியது. கதவு சாத்திக்கொண்டது. மோட்டார் முனகியது. எதிர் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அன்று மாலை வண்டியிலிருந்து இறங்கியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் உள்ளேன்னு சொல்றேனேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார்.

"அன்னைக்கும் சொன்னீங்கண்ணே" என்றாள்.

ஓய்வு பெறும்வரை அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள், அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். அவள் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.